பதினொன்றாவது எலக்ட்ரான்

பத்தாம் வகுப்பு ‘பி’ பிரிவில் பெண்கள் பதினொரு பேர், பையன்கள் பதினேழு பேர். ஜூன் மாதத்திலிருந்தே அப்படித்தான் இருந்தது. அதில் யாரும் ஒரு விசேஷத்தையும் கண்டதில்லை. பிப்ரவரியில் ஒரு நாள், வருகைப் பதிவேட்டில் கூட்டல் போட்டுக்கொண்டிருந்த செல்வநாதன் சார் பேனாவை மூடிவைத்துவிட்டு வகுப்பை இடமிருந்து வலமாக ஒருமுறை பார்த்தார்.

“பதினொண்ணு சோடியம். பதினேழு குளோரின்,” என்றார். “மாதாவே! உப்பு!”

அறிவியல் சாருக்கு மாதா கோவில் இருக்கும் ஏலாக்குறிச்சிப் பக்கம் சொந்த ஊர். மனம் நிறைந்துவிட்டால் மாதாவைக் கூப்பிடுவார். பள்ளிக்கூடம் இருந்த லப்பைக்குடிக்காட்டின் பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டிருந்தது. உப்புக்காக அவர் கூப்பிட்டதுதான் புதிது.

வியாழக்கிழமை பெரம்பலூரிலிருந்து ஆய்வு அதிகாரி வருவதாக இருந்தது. பள்ளிக்கூடத்தின் ஆய்வகம் என்பது ஒரு கண்ணாடி பீரோ. அதன் சாவி, மாற்றலாகிப் போன முந்தைய சாரின் சட்டைப் பையோடு திருமானூருக்குப் போய்விட்டது. பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவதாக அவர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. உள்ளே இருக்கும் பாட்டில்களை வெளியே நின்று பார்க்கலாம், லேபிளைப் படிக்கலாம், அதற்குமேல் வேதியியல் நகராது. ஆகவே ஆளை வைத்தே நடத்திவிடுவது என்று சார் தீர்மானித்தார்.

அந்த வகுப்பில் படித்த ஃபைஸாவுக்கு அந்த வாரம் வேறு கவலை. பெரம்பலூரில் பிளஸ் ஒன் சேர வேண்டும், அதுவும் சயின்ஸ் குரூப். சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கும் அத்தா தாஜுதீனிடம் அம்மா ஜைனம்பு போனில் கேட்டாயிற்று. அவர் “பார்ப்போம்” என்றிருந்தார். இதற்குமுன் அவர் ‘பார்ப்போம்’ சொன்னவற்றில் ஃபிரிட்ஜ் வந்தது, மாடி வரவில்லை. ஆக, பாதிக்குப் பாதி. இந்த வெள்ளிக்கிழமை போனில் முடிவு சொல்வதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை ஒத்திகை. விளையாட்டு விழாவுக்குக் கோடு போடும் சுண்ணாம்புத் தூளை வைத்து, பியூன் நல்லதம்பி மைதானத்தில் இரண்டு இடங்களில் வட்டத்துக்குள் வட்டமாக மூன்று மூன்று வட்டம் போட்டார். நடுவில் ஒரு ஸ்டூல். ஒரு ஸ்டூலில் ‘11+’ என்று அட்டை, மற்றதில் ‘17+’. அவைதாம் உட்கரு. பெண்கள் பக்கம் குள்ளமான இருவர் முதல் வட்டத்தில், எட்டுப் பேர் இரண்டாவது வட்டத்தில். வகுப்பிலேயே உயரமான ஃபைஸா மூன்றாவது வட்டத்தில் தனியாக.

“நீதான் இணைதிறன் எலக்ட்ரான்,” என்றார் சார். “உட்கரு உன்னையும் புடிச்சுக்கிட்டுதான் இருக்கு. ஆனா கெட்டியா இல்ல. நீ தூரத்துல இருக்க, நடுவுல பத்துப் பேரு மறைக்கறாங்க. புரியுதா?”

“நான் என்ன சார் செய்யணும்?”

“சுத்திக்கிட்டே இரு. விசில் அடிச்சதும் அந்தாண்ட போ. குளோரினோட கடைசி வட்டத்துல ஏழு பேரு நிக்கறான் பாரு, எட்டாவது இடம் காலியா இருக்கு. அதுல போய் நில்லு. அவ்வளவுதான் வேதியியல்.”

குளோரினின் கடைசி வட்டத்திலிருந்து அல்தாப் கையைத் தூக்கினான். “சார், இங்க ஒரு ஆளு வந்தா எங்களுக்கு என்ன சார் ஆவும்?”

“மைனஸ் ஆயிடுவீங்க.”

“இப்பவே அதான சார்.”

பதினேழு பேரும் சிரித்தார்கள். அரையாண்டுத் தேர்வு நினைவு வந்ததால் சாரும் சிரித்தார்.

ஃபைஸா சுற்ற ஆரம்பித்தாள். வெளிவட்டம் பெரியது. ஒரு பக்கம் வேப்பமரம் வரை போய், கொடிக்கம்பத்தைத் தொட்டுக்கொண்டு திரும்பும். அவள் வீட்டில் எந்த அறைக்குப் போனாலும் அங்கே ஏற்கெனவே ஒருவர் படுத்திருப்பார், இல்லை தொழுதுகொண்டிருப்பார், இல்லை வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். தெருவில் அவள் நடந்தால் கூடவே தங்கையோ சித்தி மகளோ நடக்க வேண்டும். இப்படி ஒரு முழு வட்டத்தை எழுதிக் கொடுத்ததுபோல் யாரும் அவளுக்குக் கொடுத்ததில்லை. மூன்றாவது சுற்றில் அவளுக்கு, தான் யாரும் இன்னும் கண்டுபிடிக்காத ஒரு சின்னக் கிரகம்போல் தோன்றியது. இப்படியே பள்ளி இறுதிவரை சுற்றிக்கொண்டிருக்கலாம் என்றிருந்தபோது விசில் ஊதிவிட்டது.

இரண்டு அணுக்களுக்கும் நடுவே இருந்த வெறும் மண்ணை அவள் குனிந்த தலையோடு கடந்தாள். எட்டாவது இடத்தில் போய் நின்றாள். அல்தாப் ஒதுங்கிய ஒதுக்கத்தில் அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒரு எருமை தாராளமாக நிற்கலாம்.

“இப்ப இந்தாண்ட சோடியம் அயனி, பிளஸ். அந்தாண்ட குளோரைடு அயனி, மைனஸ்,” என்று சார் கூவினார். “பிளஸ்ஸும் மைனஸும் என்ன செய்யும்? ஒண்ணை ஒண்ணு இழுத்துக்கும்! எல்லாரும் அப்படியே வட்டம் கலையாம கிட்ட வாங்க!”

யாரும் வரவில்லை. சார் பெண்களைப் பார்த்தார், பையன்களைப் பார்த்தார், மைதானச் சுவரின் இடிந்த பகுதியைப் பார்த்தார். அங்கே டீக்கடை பெஞ்சில் மூன்று பேர் கிளாசைக் கையில் பிடித்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“சரி. ஈர்ப்பை வாயால சொல்லிக்கலாம்,” என்றார் சார்.

லப்பைக்குடிக்காட்டு ஆண்களில் பாதிப்பேர் வெளிநாட்டில். தம்மாமில் மட்டும் ஒரே கட்டடத்தில் மூன்று அறை நிறைய ஊர்க்காரர்கள். ஊரில் ஒரு சேதி மேலத் தெருவிலிருந்து கீழத் தெருவுக்குப் போக வேண்டுமானால் தம்மாம் வழியாகப் போவதுதான் சுருக்கு. செவ்வாய்க்கிழமை காலை ஃபைஸா வீட்டு போன் அடித்தது. அத்தா வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்துதான் கூப்பிடுவார். மற்ற நாளில் போன் வந்தால் மவுத்துச் சேதி, யாரோ இறந்துவிட்டார்கள் என்று அர்த்தம். ஜைனம்பு, “இன்னா லில்லாஹி” என்று சொல்லிவிட்டுத்தான் ரிசீவரை எடுத்தாள்.

எடுத்தவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, “யாரும் சாவலையா?” என்றாள். பிறகு, “ஓடலைங்க, நடந்துதான் போயிருக்கா,” என்றாள். பிறகு, “சரிங்க,” என்று வைத்துவிட்டாள்.

“என்னம்மா?”

“பயலுவ கூட்டத்துக்குள்ள நீ ஓடினியாம். வாத்தியாரு விசில் அடிச்சாராம். பிளஸ் ஒன்னும் வேணாம், ஒண்ணும் வேணாம்னுட்டாங்க உங்கத்தா. பரீட்சை வரைக்கும் வூட்டுலயே உக்காந்து படிக்கணுமாம்.”

“அம்மா, அது சோடியம்மா.”

“எதுவோ. உன் சின்னத்தா ஸ்கூலுக்கு வந்து பேசுவாராம். இன்னைக்கு ஒரு நாள் போய் புஸ்தகத்தையெல்லாம் எடுத்துட்டு வந்துடு.”

சின்னத்தா ஹஸ்ஸான், அத்தாவின் தம்பி. ஃபாரின் சாமான் கடை வைத்திருந்தார். பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் அவருக்கு ஒரு பதவியும் உண்டு. வருகிற அதிகாரிக்கு மாலையும் பிரியாணியும் அவர் பொறுப்பு. மத்தியானம் தலைமை ஆசிரியர் தங்கசாமியின் அறையில் அவர் உட்கார்ந்திருக்க, செல்வநாதன் சார் எதிரில் நிற்க, ஃபைஸா புத்தகப் பையோடு வாசலில் நின்றாள்.

“பாய் சொல்றது நியாயம்தானே சார்,” என்றார் தங்கசாமி. அவருடைய அறையில் யார் உட்கார்ந்திருந்தாலும் அவர்கள் சொல்வது நியாயமாகத்தான் இருக்கும். “வேற பொண்ணை அனுப்புங்களேன். அம்சவள்ளி இருக்குல்ல.”

“அம்சவள்ளி அப்பாகிட்ட காலையிலயே கேட்டேன் சார். எங்க வூட்டுப் பொண்ணுன்னா மட்டும் இளக்காரமான்னு கேட்டாரு,” என்றார் செல்வநாதன் சார்.

ஹஸ்ஸான் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். “வாத்தியாரே, நான் படிக்காதவன். ஆனா ஒண்ணு கேக்கறேன். பொண்ணு ஏன் அங்க போவணும்? பையன் இங்க வரட்டுமே.”

செல்வநாதன் சார் இதை உண்மையிலேயே யோசித்தார். “வரலாம் பாய். ஆனா ஒருத்தன் வந்தா பத்தாது. கடைசி வட்டத்துல இருக்கற ஏழு பேரும் வரணும்.”

“ஏழு பேருமா!”

“ஏழு பேரும். அப்பதான் அவங்களுக்கும் வட்டம் நிறைவா இருக்கும். ஏழு பேரைக் கெளப்பறதை விட ஒருத்தரை அனுப்பறது சுலபம். அதனாலதான் இயற்கையில இப்படி நடக்குது.”

ஏழு பேரும் கிளம்பி வரும் காட்சியை ஹஸ்ஸான் சற்று நேரம் மனசுக்குள் பார்த்தார். “வேணாம், வேணாம். அப்ப யாரும் போவாம, நடுவுல நின்னு பொதுவா வெச்சுக்கிட்டா?”

“அது சகப்பிணைப்பு. குளோரினும் குளோரினும் அப்படிச் செய்யும். அதாவது பையனும் பையனும். சோடியம் செய்யாது பாய்.”

“ஏன் செய்யாது?”

“அதோட குணம் அப்படி.”

“அப்ப குணங்கெட்ட சாமானை எதுக்கு வாத்தியாரே பிள்ளைங்களுக்கு நடத்தறீங்க?”

“நம்ம வூட்டு உப்பு பாய் அது,” என்றார் சார். “நீங்க நாளன்னைக்கு பிரியாணியில போடறது.”

பிரியாணியை இழுத்திருக்க வேண்டாம். ஹஸ்ஸான் எழுந்துகொண்டார். ஃபைஸாவை டிவிஎஸ் ஃபிப்டியின் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். மைதானத்தைத் தாண்டும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். வெளிவட்டத்துக்குள் ஒரு ஆடு நின்று சுண்ணாம்பை முகர்ந்துகொண்டிருந்தது.

வீட்டில் உட்கார்ந்து படிப்பதற்கு ஒரு மூலை கிடைக்கவில்லை. புதன்கிழமை முழுக்க அவள் வேதியியல் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சின்ன வெங்காயம் உரித்தாள். வரிக்கு ஒரு வெங்காயம். வெள்ளிக்கிழமை அத்தா மறுபடி கூப்பிடுவார். அப்போது ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் எதைச் சொன்னாலும் ‘ஓடினாள்’ என்பதற்குப் பக்கத்தில் அது நிற்காது என்று அவளுக்குத் தெரிந்தது. ‘ஓடினாள்’ ஒரே சொல். சோடியம் ஒரு பாடம்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்கு வாசலில் அரசாங்க ஜீப் வந்து நின்றது. தெருவில் ஏழெட்டுக் கதவுகள் ஒரு விரற்கடை திறந்தன. ஜீப்பிலிருந்து ஹஸ்ஸான் இறங்கினார். கையில் இன்னும் ரோஜா மாலை இருந்தது.

“மதினி,” என்றார். “ஃபைஸாவை அனுப்புங்க.”

ஜைனம்பு வாசல் திரைக்குப் பின்னால் நின்றாள். “எங்கே தம்பி?”

“அங்கதான். பெரம்பலூர் சார் எலக்ட்ரானைக் கேக்கறாரு.”

நடந்தது இதுதான். ஒரு பெண் குறைந்தால் குறையட்டும், பேசாமல் நடத்திவிடலாம் என்று தங்கசாமி சொல்லிவிட்டார். வந்த அதிகாரி முன்னாள் கணக்கு வாத்தியார். எதைப் பார்த்தாலும் எண்ணுகிற பழக்கம் உள்ளவர். மாலைக்குக் கழுத்தை நீட்டும் முன் மைதானத்தை எண்ணினார். பெண்கள் பக்கம் அட்டையில் பதினொன்று, ஆள் பத்து. அயனி என்று ஒப்புக்கொண்டார். பையன்கள் பக்கம் அட்டையில் பதினேழு, ஆளும் பதினேழு. அதை ஒப்புக்கொள்ளவில்லை. “இங்க ஒண்ணு போயிருக்கு, அங்க ஒண்ணு வரலை. நடுவுல எங்க போச்சு?” என்று கேட்டார். “வூட்டுல இருக்கு சார்,” என்று அல்தாப் சொல்லிவிட்டான். “எலக்ட்ரான் வீட்ல இருக்க முடியாது. கூட்டிட்டு வாங்க,” என்று அதிகாரி ஜீப்பைக் கொடுத்துவிட்டார். கழுத்தில் விழாத மாலையோடு எதிரில் நின்றிருந்தவர் ஹஸ்ஸான்.

“நீங்கதான தம்பி அன்னைக்கிக் கூட்டியாந்து விட்டீங்க?” என்றாள் ஜைனம்பு.

“அன்னைக்கி அன்னைக்கி. இன்னைக்கி கவர்மெண்டு கேக்குது.”

“உங்கண்ணன் கேட்டா?”

ஹஸ்ஸான் மாலையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

ஜைனம்பு உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். புர்காவைப் போட்டுக்கொண்டு வந்தாள். “தனியா அனுப்ப மாட்டேன். நானும் வரேன்,” என்று சொல்லி ஜீப்பில் ஏறி உட்கார்ந்தாள். பள்ளிக்கூடம் பக்கம் அவள் வந்தது, ஃபைஸாவை ஒண்ணாம் வகுப்பில் சேர்க்க வந்ததோடு சரி.

மைதானத்தில் இருபத்தேழு பேரும் வெயிலில் அவரவர் இடத்தில் நின்றிருந்தார்கள். ஃபைஸா தன் வட்டத்துக்குப் போனாள். ஒரு சுற்றுச் சுற்றினாள். வேப்பமரம், கொடிக்கம்பம். இதுதான் கடைசிச் சுற்று என்று நினைத்ததால் கொஞ்சம் மெதுவாகவே சுற்றினாள். அவளுக்கு ஒரு முழம் பின்னால் கறுப்புப் புர்காவில் ஜைனம்புவும் சுற்றினாள். விசில் ஊதியது. ஃபைஸா கடந்தாள். ஜைனம்புவும் கடந்தாள். எட்டாவது இடத்தில் இருவரும் நின்றார்கள்.

அதிகாரி எண்ணினார். “பத்தொன்பது,” என்றார். “பதினெட்டுதான வரணும்? அந்தம்மா யாரு?”

தங்கசாமி செல்வநாதனைப் பார்த்தார். செல்வநாதன் வானத்தைப் பார்த்தார். அவருக்கு அந்த வருடத்தின் மிகச் சிறந்த யோசனை அப்போது வந்தது.

“நியூட்ரான் சார்,” என்றார். “மின்சுமை கிடையாது.”

“நியூட்ரான்னா உட்கருவுல இல்ல இருக்கணும்?”

“இதோ சார். நல்லதம்பி!”

நல்லதம்பி போய் ஸ்டூலிலிருந்து ‘17+’ அட்டையை எடுத்தார். “அம்மா, இதுல உக்காந்துக்குங்க. இதைக் கையில புடிச்சுக்குங்க. அசையக் கூடாது.”

ஜைனம்பு அதுவரை தயங்கிக்கொண்டிருந்தவள், உட்காரச் சொன்னதும் உட்கார்ந்துவிட்டாள். காலையிலிருந்து நின்றவள். குளோரினின் நட்டநடுவில், மடியில் அட்டையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, சுற்றி நின்ற பையன்களை ஒருவர் விடாமல் பார்த்தாள். கடைத்தெருவில் சைக்கிளில் கத்திக்கொண்டு போகிற அதே பையன்கள். இப்போது பதினேழு பேரும் தலையைக் குனிந்து அவரவர் கால் கட்டைவிரலை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள்.

“நீ அஜ்மலு மவன்தான?” என்றாள் அல்தாபிடம்.

“ஆமா நன்னி… இல்ல, மாமி.” பதற்றத்தில் பாட்டியைக் கூப்பிடுகிற முறை வந்துவிட்டது.

“உங்கம்மா கிட்ட எங்க இடியாப்பக் கட்டை கெடக்கு. கொடுக்கச் சொல்லு.”

“சரிங்க மாமி.”

“குளோரைடு அயனி,” என்று செல்வநாதன் சார் தழுதழுத்த குரலில் அறிவித்தார். அதிகாரி தலையாட்டினார், மாலைக்குக் கழுத்தை நீட்டினார், பிரியாணி சாப்பிடப் போனார். உப்பு சரியாக இருந்தது என்று சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் அடித்தது. ஃபைஸா வெங்காயக் கூடையை எடுத்துக்கொண்டு போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தம்மாமுக்கு இரண்டாவது சேதி போயிருந்தது என்பது அத்தாவின் குரலிலேயே தெரிந்தது. ரிசீவருக்கு வெளியிலும் கேட்டது.

“மறுபடியும் போயிருக்காளாமே! நான் அவ்வளவு சொல்லியும்!”

“நானும்தாங்க போனேன்,” என்றாள் ஜைனம்பு.

“எங்கே?”

“பயலுவ வட்டத்துக்கு. நடுவுல ஸ்டூல் போட்டு உக்கார வெச்சாங்க.”

வெளிநாட்டுப் போனில் பேசாத நேரத்துக்கும் காசு போகும். அத்தா கணிசமாகவே செலவழித்தார்.

“உன்னையுமா? என்னதான் இருக்கு அங்க?”

“ஒண்ணும் இல்லீங்க. அங்க இருந்து பார்த்தா எல்லாம் தெரியுது. இவ நடந்து வரா, காலியா இருக்கற எடத்துல நிக்கறா. பயலுவ பூரா மண்ணைப் பார்க்கறானுவ. அவ்வளவுதான். அது உப்புங்க.”

“உப்பா?”

“உப்பு. நானே பார்த்தேன். எவனாச்சும் அங்க ஓடினா ஆடினான்னு சொன்னா, எம்பொஞ்சாதி நடுவுல உக்காந்திருந்தாடான்னு சொல்லுங்க.”

ஜைனம்பு ரிசீவரை மகளிடம் நீட்டினாள். “நீ சொல்லு. எனக்கு அட்டை புடிச்சது வரைக்கும்தான் தெரியும்.”

ஃபைஸா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள்.

“சோடியம்னா என்னம்மா?” என்றார் அத்தா.

அவள் சொன்னாள். பதினொரு எலக்ட்ரானில் பத்து கெட்டியாக இருக்கும், கடைசி ஒன்று தூரத்தில் இருக்கும் என்றாள். அந்த ஒன்று போய்விட்டால் மிச்சமிருப்பது பிளஸ் ஆகிவிடும், போன இடம் மைனஸ் ஆகிவிடும், அதனாலேயே இரண்டும் ஒன்றையொன்று விடாது என்றாள். இரண்டு நாளாக வெங்காயத்தோடு படித்தது தடங்கலில்லாமல் வந்தது.

அத்தா குறுக்கே பேசாமல் கேட்டார். பின்னால் யாரோ அரபியில் கத்துவதும் ஒரு லாரி பின்னோக்கி வரும் சத்தமும் கேட்டன.

“போனது திரும்பி வருமா?” என்றார்.

“தண்ணியில கரைச்சாலும் வராதுத்தா. ரெண்டும் தனித்தனியா பிரியும், ஆனா எலக்ட்ரான் அந்தாண்டயே இருந்துடும்.”

“வரவே வராதா?”

“வரும். உப்பை நல்லா சூடு பண்ணி உருக்கி, கரண்டு விட்டா வரும். பழையபடி சோடியம் ஆயிடும்.”

“சூடு இங்க நெறைய இருக்கு,” என்றார் அத்தா.

ஜைனம்பு கூடையிலிருந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தாள். லாரிச் சத்தம் நின்றது.

“பக்ரீத்துக்கு லீவு கேட்டிருக்கேன். பார்ப்போம்,” என்றார் அத்தா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். “காலையில பெரம்பலூர் பஸ்ஸு கூட்டமா இருக்குமா?”

“கூட்டமாத்தான்த்தா இருக்கும்.”

“முன்னாடி வழியா ஏறு,” என்றார் அத்தா. “கம்பியைக் கெட்டியா புடிச்சுக்க.”